காலைத் தொட்டவன்

14 ஆகஸ்ட் 2006, திங்கள்

செமி ஃபைனல்ல ஜெயிச்சிட்டேன். தூக்கம்தான் வரல.

கும்மிடிப்பூண்டி கம்பெனிங்க நடத்துற பாக்சிங். நாப்பது தாண்டியும் எங்க ஃபேக்டரி சார்பா என்னைத்தான் ரிங்ல ஏத்தி விடறாங்க. ஒரு காலத்துல ஸ்டேட் ஹெவிவெயிட் சாம்பியனாச்சே.

இன்னிக்கு எதிர்ல நின்னவன் கவரைப்பேட்டை ஏழுமலை. மணி அடிக்கிறதுக்கு முன்னாடி குனிஞ்சு என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். கூட்டம் கை தட்டுச்சு. எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு.

ரெண்டாவது ரவுண்டுல மூச்சு வாங்கி, என் கை தானா எறங்கிடுச்சு. அவன் குத்து என் தாடை வரைக்கும் வந்து அப்படியே நின்னுடுச்சு. அப்புறம் சும்மா தோள்ல தட்டிட்டு வெலகிட்டான். ரெஃப்ரி கவனிக்கல.

கீழ எறங்கினதும், "ஏன்டா அடிக்கல?"ன்னு கேட்டேன்.

"காலைத் தொட்டுட்டு எப்டிண்ணா அடிக்கிறது?"ன்னான்.

ஊட்டுக்கு வந்தா பொண்டாட்டி, "ஜெயிச்சிட்டு வந்தும் இன்னாத்துக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு கீற?"ன்னா. தோள் வலின்னு சொன்னேன். தைலம் தேய்ச்சு விட்டுட்டுத் தூங்கிட்டா.

நாளைக்குக் கொடி ஏத்தினதும் ஃபைனல். வர்றவன் ஆந்திராக்காரன். நான் யாருன்னே அவனுக்குத் தெரியாது. அவனும் காலைத் தொட்டுட்டா தேவலன்னு மனசு அடிச்சிக்கினே கீது.

தூ.