கண்ணை மூடிக்கங்க

4-6-84, திங்கள்

காலையிலிருந்து புழுதிக் காற்று. குழாயில் தண்ணீர் இல்லை, ஐந்தாவது நாள். பல் பிடுங்கும் குறடுகளை அவிக்கப் பக்கத்து வீட்டில் இரண்டு குடம் வாங்கினேன். ஸ்டவ் மறுபடி புகைகிறது. வாங்க வேண்டியவை: பஞ்சு, திரி, கிராம்புத் தைலம், அம்மாவுக்குச் சிறுமலைப் பழம்.

வந்தவர்கள் ஏழு பேர். பிடுங்கியது மூன்று பல். மூன்றும் 'பெரிய டாக்டர்' பெயரில்.

பெரிய டாக்டர் என்றால் சவரிமுத்து அண்ணன், என் கிளினிக் உதவியாளர். வயது ஐம்பத்திரண்டு, படிப்பு எட்டாவது, நல்ல உயரம், அதற்கேற்ற மீசை. மரத்துப்போக ஊசி போடுவதுவரை என் முகம் தெரியும். பிறகு "கண்ணை மூடிக்கங்க" என்பேன். அண்ணன் வந்து தலையைப் பிடித்துக்கொள்வார். நான் பிடுங்குவேன். பிடுங்கியதும் குறடை அவர் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துகொள்வேன். இரண்டு வருடமாக இப்படித்தான்.

வேண்டுமென்று தொடங்கியதில்லை. கிளினிக் திறந்த புதிதில் குஜிலியம்பாறைக்காரர் ஒருவர். என் கையில் குறடைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "பொம்பளைக் கைக்கு அம்புட்டுப் பலம் ஏது தாயி? தாடை பேந்துரும்." அதன்பின் மாதக்கணக்கில் ஈ ஓட்டினேன். ஒரு நாள் யாரோ அண்ணனை டாக்டர் என்று நினைத்துக் கும்பிட்டார். நான் திருத்தவில்லை. கூட்டம் வர ஆரம்பித்தது.

6-6-84, புதன்

மனசு சரியில்லை. எழுதிவிடுகிறேன்.

சின்னாளப்பட்டியிலிருந்து ஒரு நெசவாளர். கூடவே மகள் செல்வி, ப்ளஸ் டூ முடித்தவள். அவள் கையில் ஒரு விண்ணப்பம், பல் மருத்துவப் படிப்புக்கு. சனிக்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டுமாம். அப்பா இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

அவருக்குக் கீழ்க் கடைவாய்ப்பல், வேர் வளைந்தது. செல்வியைத் திரைக்கு வெளியே உட்கார வைத்தேன். கண்ணை மூடிக்கங்க. அசைத்து, விட்டு, மறுபடி அசைத்து. பலம் எதற்கு? வேர் போகிற போக்கில் கை போனால் போதும். முழுசாக வந்தது. இந்த மாதம் நான் செய்ததில் இதுதான் சுத்தமான வேலை.

கண்ணைத் திறந்தவர் பஞ்சைக் கடித்தபடியே அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். "டாக்டரய்யா, பூ எடுத்த மாதிரி எடுத்துட்டீகளே!"

செல்வி உள்ளே வந்தாள். நேராக என்னைப் பார்த்துக் கேட்டாள்: "பல்லெல்லாம் நீங்க புடுங்க மாட்டீகளா டாக்டரம்மா?"

அப்பாவும் என்னைப் பார்த்தார். துப்புத் தொட்டியைக் கழுவிக்கொண்டே சொன்னேன், "அதுக்குத்தான் பெரிய டாக்டர் இருக்காரேம்மா."

"கேட்டுக்கிட்டியா? டாக்டரம்மாவே சொல்லிட்டாக. பாதி வேலைக்கு எதுக்கு அம்புட்டுப் படிப்பு?" என்றார் அப்பா. விண்ணப்பத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

7-6-84, வியாழன்

அண்ணன் காலையிலிருந்து முகம் கொடுக்கவில்லை. மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே சொன்னார். "அந்தப் புள்ள கேட்டப்பயாச்சும் சொல்லிருக்கலாம். நானே சொல்லிருப்பேன். வாயைத் தொறக்கக் கூடாதுன்னு நீங்கதான் சொல்லி வச்சிருக்கீக."

"சொன்னா நாளைக்கு யாருண்ணே வருவா?" என்றேன். அவர் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளக் கொண்டுவந்த வெஞ்சனம் அப்படியே இருந்தது.

அவர்கள் விலாசம் நோட்டில் இருக்கிறது. பஸ்ஸில் அரை மணி நேரம். இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. போய்ச் சொல்லிவிடலாம்.

9-6-84, சனி

போகவில்லை. வியாழன் சாயங்காலம் தண்ணீர் வந்தது, பிடிக்க வேண்டியிருந்தது. வெள்ளி நல்ல கூட்டம். இன்று ஒரு காரணமும் இல்லை. பயம்தான்.

சென்னையில் படிக்கும்போது எங்கள் செட்டில் பெண்கள் நான்கு பேர். "நீங்கள்லாம் கொழந்தைங்க பல்லைப் பாத்தாப் போதும்" என்று ஒரு சார் சொன்னதற்கு நால்வரும் அப்படிக் கொதித்தோம். நான் முதல் கடைவாய்ப்பல் பிடுங்கிய அன்று ஹாஸ்டலில் கேசரி. அந்த நால்வரில் இன்று குறடு பிடிப்பது நான் ஒருத்திதான். அதையும் ஒளித்து ஒளித்து. வெட்கமாக இருக்கிறது.

13-6-84, புதன்

வெயில் கொஞ்சம் குறைவு. ஸ்டவ்வுக்குத் திரி மாற்றியாயிற்று.

பதினொரு மணிக்கு நெசவாளர் வந்தார், புண் ஆறியதைக் காட்ட. செல்வியும். ஒரு சுங்குடிச் சேலை, அரக்கு நிறம். "டாக்டரய்யா வீட்டம்மாவுக்கு" என்று அண்ணனிடம் நீட்டினார். அண்ணன் வாங்கவில்லை. என்னைப் பார்த்தார்.

சொல்லிவிட்டேன். "ஒங்க பல்லை எடுத்தது நான்தாங்க. இங்க எல்லாப் பல்லையும் நான்தான் எடுக்கிறேன்."

அவர் சிரித்தார். அண்ணன் "ஆமய்யா, நான் தலையைப் பிடிக்கிற ஆளு" என்றதும் சிரிப்பு நின்றது. சேலையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மேசை ஓரத்தில் வைத்தார்.

"இதை அன்னைக்கே சொல்லிருந்தா கையெழுத்துப் போட்டிருப்பேனேம்மா. தேதி போயிருச்சே. டீச்சர் டிரெய்னிங்ல சேத்துவிடச் சொல்லியாச்சு."

செல்வியிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்றைக்கே உனக்குத் தெரியும்படி நான் சொல்லியிருக்க வேண்டும் என்றேன்.

"எனக்குத் தெரியும் டாக்டரம்மா. திரை ஓரமா நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அப்பாவுக்குத் தெரியணும்னுதான் ஒங்களைக் கேட்டேன்."