சேணத்தைப் பிடித்துக்கொண்டு முந்நூறு பக்கம்

14 மே 2007, திங்கள்

டைப்பிங் வகுப்புக்கு இன்று ஆறே பேர். அவர்கள் தட்டிக்கொண்டிருக்க, டீச்சராகிய நான் மேசைக்கடியில் நாவல் படித்தேன். சேக் அலாவுதீன் பாயின் வாடகை நூலகத்தில் எடுத்த ஆங்கிலப் புத்தகம். மந்திரம், சாபம், டிராகன் எல்லாம் உண்டு. டிராகனை வளர்ப்பவள் இல்மா. அதைக் கொல்ல வந்தவள் வாள்காரி சோரன்னா. கொல்லவில்லை. இப்போது இருவரும் அதன் மேலேயே ஏறி ஊர் ஊராகப் பறக்கிறார்கள்.

16 மே

பக்கம் 140. சோரன்னா பின்னால் உட்கார்ந்திருக்கிறாள். மேகத்துக்கு மேலே, பேய்க்காற்று. முன்னால் இருப்பவளின் இடுப்பைப் பிடித்தால் என்ன குறைந்துவிடும்? சேணத்தைப் பிடிக்கிறாள்.

19 மே

பக்கம் 230. இன்னும் சேணம்தான். இவளைக் கட்டிக்கொண்டு யார் மாரடிப்பது?

22 மே

இல்மாவுக்குக் காய்ச்சல். சோரன்னா கஞ்சி காய்ச்சிக் கொடுத்துவிட்டு, அவள் தூங்கும்வரை வாசலிலேயே நின்றாள். இது சும்மா சிநேகிதம் இல்லை. நானாகக் கற்பனை செய்யவும் இல்லை, எழுதியவரே அப்படித்தான் எழுதியிருக்கிறார்.

எனக்கு இருபத்தாறு வயது. என்னைப் போன்ற ஒருத்தி கதையில் வந்து, சாகாமல், பைத்தியம் பிடிக்காமல், நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு டிராகன் மேல் போவதை இப்போதுதான் முதல் முறையாகப் படிக்கிறேன். பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்ததில் எங்கள் ஊர் நெரவியில் இறங்க மறந்து போலகம் வரை போய்விட்டேன். அம்மாவிடம் பஸ் பிரேக்டவுன் என்று சொன்னேன்.

25 மே, வெள்ளி

பக்கம் 318. புயல். டிராகன் ஒரு பக்கமாகச் சாய்கிறது. சோரன்னா சேணத்திலிருந்து கையை எடுக்கிறாள் —

அட்டை. அவ்வளவுதான் புத்தகம்.

வகுப்பை அப்படியே விட்டுவிட்டு நூலகத்துக்கு ஓடினேன். பாய் அசரவில்லை. "தடிப் புத்தகம்மா. ரெண்டாப் பிரிச்சு பைண்டு பண்ணாத்தான் ஒரே நேரத்துல ரெண்டு பேருக்குக் குடுக்கலாம்." சரி, மற்ற பாதி எங்கே? "மருந்துக் கடை அஞ்சுகம் கொண்டுபோயிருக்கு. அட்டைல நம்பர் போடல பாத்தியா, அதான் முதப் பாகம்னு நெனச்சு எடுத்துட்டுது. இப்ப முதப் பாகம் வந்தாத்தான் இதத் தருவேன்னு நிக்கிது."

26 மே

பஸ் ஸ்டாண்டு பக்கத்து மருந்துக் கடை. என் வயதுதான் இருக்கும். கொண்டையில் பேனா செருகியிருந்தாள். புத்தகத்தைக் கவுண்டரில் வைத்தேன். அட்டையைப் பார்த்தாள், பிறகு என்னை.

"ரெண்டு வாரமா உங்களத்தாங்க தேடுறேன்," என்றாள். தன்னுடையதை எடுத்துத் தந்தாள். கடைசி அத்தியாயத்தில் காலி மாத்திரை அட்டை ஒன்று செருகியிருந்தது. "அத மட்டும் படிக்கல. முதல்லேருந்து வந்துட்டுப் படிப்போம்னு வச்சிருக்கேன்."

வீட்டுக்கு வந்ததும் திறந்தேன். முதல் பக்கத்திலேயே சோரன்னாவின் கை இல்மாவின் இடுப்பில். ஆறு முறை படித்தேன்.

31 மே

இரண்டாம் பாகத்தில் முத்தமே கொடுத்துக்கொள்கிறார்கள். அஞ்சுகம் அதைப் படித்திருக்கிறாள். படித்துவிட்டு என்ன நினைத்தாள்? சீ என்று நினைத்திருந்தால்? நினைத்தால் எனக்கென்ன. — எனக்கென்னவோ இருக்கிறது, இல்லையென்றால் ஏன் தினமும் தலைவலி மாத்திரை வாங்கப் போகிறேன்? இல்லாத தலைவலிக்கு எட்டு மாத்திரை ஆகிவிட்டது.

9 ஜூன், சனி

கேட்டுவிட்டேன். கடையில் கூட்டம் இல்லை. "அவங்க ரெண்டு பேரும்... உங்களுக்கு ஒரு மாதிரியா இல்லையா?" என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அஞ்சுகம் டானிக் பாட்டில்களை அடுக்கிக்கொண்டே இருந்தாள். "மொதல்ல அந்த இடுப்பப் புடிச்சது எனக்குப் பெரிசாவே படலங்க. விழாம இருக்கப் புடிக்கிறாள்னு விட்டுட்டேன். முந்நூறு பக்கம் சேணத்தப் புடிச்சிட்டு வந்தவள்னு இப்பத்தான தெரியிது. நேத்து அழுதுட்டேன்." இன்னொரு பாட்டிலை அடுக்கினாள். பிறகு திரும்பாமலே சொன்னாள்: "என்னைய மாதிரி ஆளுங்கள யாராச்சும் எழுதுவாங்கன்னே எனக்குத் தெரியாதுங்க."

"எனக்கும்," என்றேன். நிமிடத்துக்கு அறுபது வார்த்தை அடிக்கிறவளுக்கு வந்தது அந்த ஒரே வார்த்தை.

10 ஜூன்

சந்தோஷமாக இருக்கிறேன். வேறு எழுத ஒன்றும் இல்லை.

18 ஜூன்

பஸ் வரவில்லை. அஞ்சுகம் தன் ஸ்கூட்டியில் நெரவியில் கொண்டுவந்து விட்டாள். வழி நெடுகக் குழி. நான் பின்கம்பியைப் பிடித்த பிடியில் உள்ளங்கை சிவந்துவிட்டது. அவள் இடுப்பு ஒரு சாண் தூரம்தான். அந்த ஒரு சாண் எவ்வளவு என்று இப்போது தெரிகிறது. சோரன்னா, உன்னைத் திட்டியதற்கெல்லாம் மன்னித்துக்கொள்.

24 ஜூன்

இன்றும் பின்கம்பி. இறங்கும்போது அஞ்சுகம், "இன்னிக்கு எத்தனாவது பக்கங்க?" என்றாள். கண்ணில் சிரிப்பு. தெரிந்துதான் கேட்கிறாள்.

"எரநூறு தாண்டியாச்சு," என்றேன்.

30 ஜூன், சனி

மாங்கனித் திருவிழா. சாமி ஊர்வலம் வர, மாடிகளிலிருந்து மாம்பழங்களை வீசினார்கள். அஞ்சுகம் எம்பி எம்பி மூன்று பிடித்தாள். என் துப்பட்டாவில் தானாக வந்து ஒன்று விழுந்தது. ஒன்று தலையில். வலித்தது, ஆனாலும் சிரித்தேன்.

வெயில் தாழ்ந்ததும் கிளம்பினோம். பழங்களைப் பையில் போட்டு ஸ்கூட்டியின் முன்கொக்கியில் மாட்டினாள். ஏறி உட்கார்ந்தேன். மடியில் பை இல்லை, கையில் புத்தகம் இல்லை.

"எத்தனாவது பக்கங்க?"

"முந்நூத்திப் பதினெட்டு."

பின்கம்பியிலிருந்து கையை எடுத்தேன். அவள் வண்டியை மெதுவாக ஓட்டினாள். கால் மணி நேர வழிக்கு முக்கால் மணி ஆனது. கடைசி அத்தியாயத்தில் அந்த மாத்திரை அட்டை இன்னும் அப்படியே இருக்கிறது. எங்களுக்கு அவசரமில்லை.