உண்ணாமலையைப் பிடித்த பேய்

சுபானு வருஷம் ஆவணி 12
நாமக்கல் தாலுகா

சிரஞ்சீவி தீர்த்தகிரிக்கு அப்பன் எழுதும் ஆசீர்வாதம். இவ்விடம் நானும் உன் அம்மாளும் தங்கையும் புதிதாகக் கன்று போட்ட எருமையும் சௌக்கியம். அவ்விடம் நீயும் நீ ஓட்டும் பட்டாளத்து லாரியும் சௌக்கியமாயிருக்க ஆஞ்சநேயரை வேண்டிக்கொள்கிறேன். கடலைக்கு ஒரு மழை பெய்தது, இன்னொன்று பெய்தால் தேவலை. மண்ணெண்ணெய்தான் கண்ணிலேயே படமாட்டேன் என்கிறது.

உன் தங்கை உண்ணாமலைக்குப் பேய் பிடித்துவிட்டதென்று ஆடி மாதம் முழுக்க இந்த வீடு அமளிப்பட்டது. பதினாலு வயசுப் பெண், களியைக் கண்டால் விடாதவள், சோறே வேண்டாம் என்கிறாள். உள்ளங்கை வேர்க்கிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது, உச்சி வெயில் நேரமானால் தானியக் குதிருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறாள். உச்சிவேளைக் கருப்புதான் என்று உன் அம்மாள் முடிவே கட்டிவிட்டாள். நான் விளக்கெண்ணெய் கொடுத்தேன், அதற்குப் பிறகு நடந்ததை எழுதினால் தணிக்கை பார்க்கிற துரை சிரித்தே கடிதத்தைத் தொலைத்துவிடுவார். கடைசியில் கோடாங்கி சென்றாயனைக் கூட்டிவந்தோம். உடுக்கையை அடித்து, விபூதி போட்டு, யாரு நீ, உனக்கு என்ன வேணும் என்று பேயை அதட்டினான். பேய் பலி கேட்குமே என்று நாங்கள் சேவலைக்கூடக் கட்டிவைத்திருந்தோம். இவளோ அழுதுகொண்டு, நான் உண்ணாமலைங்க, எனக்குப் பயமா இருக்குதுங்க, தபால்காரரு நம்ம ஊட்டுக்கு வரவேண்டாமுங்க என்றாள். உடுக்கை நின்றுபோயிற்று. உனக்கு என்ன என்று பெற்ற பெண்ணைக் கேட்க ஒரு கோடாங்கி வரவேண்டியிருந்தது பார்.

நம் ஊர்ச் சடையன் மகனுக்குச் சண்டையில் காலில் குண்டு பட்டதென்று வைகாசியில் வந்த தந்தியைக் கொண்டுவந்தவர் நம் தபால்காரர் வேலுசாமிதான். அந்தப் பையன் இப்போது ஊருக்கு வந்து நொண்டிக்கொண்டே எல்லாரையும் வம்புக்கு இழுக்கிறான், அது வேறு. அன்றிலிருந்து உச்சிவேளையில் வேலுசாமியின் செருப்புச் சத்தம் கேட்டாலே அண்ணனுக்கு என்னமோ என்று இவளுக்கு மூச்சு முட்டியிருக்கிறது. பயப்படாதே பயப்படாதே என்று வாய் வலிக்கச் சொன்னேன், ஒரு பிரயோசனமும் இல்லை. பிறகு சும்மா பக்கத்தில் உட்கார்ந்து, எனக்கும் அந்தச் சத்தம் கேட்டா நெஞ்சு திக்குங்குது சாமி என்றேன். உங்களுக்குமாங்க என்று என்னையே பார்த்தாள். அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள். மறுநாள் அந்த நேரத்துக்கு இரண்டு பேருமாக வாசற்படிவரை வந்தோம், அப்புறம் வேலிவரை. போன வாரம் வேலுசாமி வருகிற வழியிலுள்ள புளியமரத்தடியில் தனியாகவே போய் நின்று, எங்க ஊட்டுக்கு ஏதாச்சும் இருக்குதுங்களா என்று கேட்டிருக்கிறாள். ஒண்ணுமில்ல சாமி என்றாராம். கை இன்னும் வேர்க்கத்தான் செய்கிறது, பாவாடையில் துடைத்துக்கொண்டு நிற்கிறாள். சேவல் தப்பித்தது, உன் அம்மாள்தான் அதை முறைத்துக்கொண்டே இருக்கிறாள்.

வேளைக்குச் சாப்பிடு, லாரியை மெல்ல ஓட்டு, சிகரெட்டு யார் கொடுத்தாலும் வாங்காதே. நம் காவல் தெய்வம் முனியப்பன் உன் கூடவே இருப்பான். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. இனிமேல் என் பெயருக்குக் காகிதம் போடவேண்டாம். உண்ணாமலை பெயருக்கே போடு, இரண்டு வரியானாலும் போதும். உச்சிவேளையில் அவள் புளியமரத்தடியில் நிற்பாள்.

இப்படிக்கு,
உன் அப்பன்
பச்சமுத்து