வேட்டைப் பணத்தில் என் பங்கு

அன்பு மகள் பாப்பாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே உன் அப்பா நலம், ரொம்பவே நலம், மூட்டுவலிகூட மறந்துபோகும் அளவுக்கு நலம். நான் நலமா இல்லையா என்பதை இதைப் படித்து முடித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். நீ நலமாகத்தான் இருப்பாய், ஞாயிற்றுக்கிழமை தோறும் பக்கத்து அறையில் அப்பாவின் போனிலிருந்து உன் சிரிப்பு கேட்கிறதே. போனில் சொல்ல வேண்டியதை எதற்கு இந்த அம்மா காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போன் என் கைக்கு வரும்போது உனக்குக் கொட்டாவி வந்துவிடுகிறது. சாப்பிட்டியா, சாப்பிட்டேன், நீ சாப்பிட்டியா, உடம்பைப் பாத்துக்கோ, வைக்கட்டுமா, இவ்வளவுதான் நம் இருவருக்கும் மிஞ்சுவது. அப்பாவோடு மட்டும் பாட்டுப் பெட்டியின் ஊசி, பெல்ட், வால்வு என்று எங்கிருந்துதான் அத்தனை பேச்சு வருகிறதோ. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பொறாமையாக இருக்கிறது. வயிறு எரிகிறது. பெற்றவள் இப்படி எழுதலாமா என்று கேட்காதே, எழுதிவிட்டேன்.

மருந்துக் கடையில் ரத்த அழுத்த மாத்திரை வாங்க வருகிற அம்மாக்கள் மாத்திரையைப் பைக்குள் போட்ட பிறகும் கவுன்ட்டரை விட்டு நகர்வதில்லை. என் பொண்ணு அதைச் சொன்னா, இதைச் சொன்னா என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். நானும் பில்லைக் கிழித்துக்கொண்டே தலையாட்டுகிறேன். உங்க பொண்ணு என்ன சொல்றா என்று திருப்பிக் கேட்டால் சாப்பிட்டாளாம் என்றா சொல்வது? நான் உடனே இருமல் மருந்து அடுக்கப் போய்விடுவேன்.

நீயும் அவரும் சேர்ந்து மாதாமாதம் ஒதுக்கி வைக்கிறீர்களே, வேட்டைப் பணம் என்று பெயர் வேறு வைத்துக்கொண்டு, அதைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய பாட்டுப் பெட்டிகள் மேல் அவருக்கு ஆசை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். லிஃப்ட் மெக்கானிக்காகப் பாதி ஆயுளைக் கழித்த மனிதர், ஓய்வுபெற்ற பிறகு கையில் ஸ்க்ரூடிரைவர் இல்லாமல் உட்கார்ந்தால் என்னையே கழற்றிப் பார்த்துவிடுவார். உன் கட்டில் இருந்த இடத்தில் இப்போது ஆள் உயர ஸ்பீக்கர் இரண்டு நிற்கின்றன, அதையும் பொறுத்துக்கொண்டேன். நல்ல பொருள் மலிவாகக் கண்ணில் படும்போது பணம் தயாராக இருக்க வேண்டும், வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வருகிறேன் என்றால் அதற்குள் வேறொருவன் தூக்கிக்கொண்டு போய்விடுவான், அதனால் வீட்டுச் செலவோடு கலக்காமல் தனியாக எடுத்து வைக்க வேண்டும், இருவரையும் கேட்காமல் தொடக்கூடாது என்று நீதான் சட்டம் போட்டாயாம். அவரும் அதை உயிரைக் கொடுத்துக் காப்பாற்றுகிறார். நான் போட்ட சட்டம் எதாவது இந்த வீட்டில் நின்றிருக்கிறதா? ஈரத் துண்டைக் கட்டில் மேல் போடாதீர்கள் என்ற சட்டத்துக்கு உன் வயசு ஆகிறது. போன மாதம் நம் வாஷிங் மெஷின் மோட்டார் போய்விட்டது. அலமாரி மேல் நீங்கள் வேட்டைப் பணம் போட்டு வைக்கிற டப்பாவிலிருந்து எடுத்து மாற்றலாமே என்றேன். அது பாப்பாவோட பணமும்மா, அவளைக் கேக்காம எப்படித் தொடறது என்றார். சரி, கேளுங்கள் என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை ஏதோ ஒரு ஊசியைப் பற்றிப் பேச்சு நீண்டதில் மறந்துபோனாராம். உனக்கு இதெல்லாம் தெரிந்திருக்காது, நமக்குக் கிடைக்கிற நேரத்தில் பேச்சு வாஷிங் மெஷின் வரை வந்து சேருவதில்லை. நான் போர்வையைக் கையால் பிழிந்துகொண்டிருந்த அதே வாரத்தில்தான் அவர் அந்த டேப் டெக்கை மார்போடு அணைத்துக்கொண்டு மாடியேறி வந்தார். என்னைக்கூட அப்படி ஒரு நாளும் தூக்கியதில்லை.

டெக்கைப் பற்றி உன்னிடம் நிறையச் சொல்லியிருப்பார். கேசட் வைக்கிற மூடி திறக்கவில்லை, பழைய சாமான் கடைக்காரர் செத்த பொருள் என்று நினைத்துக் கிட்டத்தட்ட சும்மா கொடுத்துவிட்டார், உள்ளே ரப்பர் பெல்ட் உருகித் தார் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன் என்றெல்லாம். அவர் சொல்லாததைத்தான் நான் எழுதுகிறேன். அதற்குள் ஒரு கேசட் மாட்டியிருந்தது. புது பெல்ட் போட்டு, சோதித்துப் பார்ப்போம் என்று அதையே ஓடவிட்டார். நான் கூடத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். உன் அறையிலிருந்து ஒரு பெண் குரல், "அம்மா, ரெக்கார்ட் ஆகுதா இல்லையான்னே தெரியல, சிவப்பு லைட் மட்டும் எரியுது. சரி, பேசறேன்" என்றது. நீதான் என்று நினைத்துக் கத்தியைப் போட்டுவிட்டு எழுந்து ஓடினேன். உன் அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, வலது ஸ்பீக்கர் சத்தம் கொஞ்சம் அடங்கிப் போயிருக்கு என்றார். அவ்வளவுதான் அவர் காதில் விழுந்தது. அடுத்தபடியாக, ரெக்கார்டிங் சரியா இருக்கான்னு இதுமேலேயே பேசிப் பாத்துடலாம் என்று பொத்தானில் விரலை வைத்தார் பார், நான் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுத் தையல்காரம்மா மேலே வந்து என்ன ஆச்சு என்று கேட்டாள்.

எங்கேயோ தூரத்தில் வேலைக்குப் போன ஒரு பெண் தன் அம்மாவுக்குப் பேசி அனுப்பிய கேசட் அது. கடிதம் எழுதச் சோம்பலாம், அதனால் பேசுகிறாளாம். இரண்டு பக்கமும் பேசியிருக்கிறாள் பாப்பா, ஒரு அங்குலம் மிச்சம் வைக்காமல். அப்படி என்னதான் பேசினாள் என்கிறாயா, ஒன்றுமே இல்லை. அறையில் ஜன்னல் சரியாகச் சாத்தவில்லை, பேப்பரை மடித்துச் செருகியிருக்கிறேன் என்கிறாள். தள்ளுபடியில் கிடைத்தது என்று ஒரு சைஸ் பெரிய செருப்பு வாங்கிவிட்டேன், நடந்தால் எனக்கு முன்னால் அது போகிறது என்கிறாள். பால் பொங்கி அடுப்பு அணைந்ததைச் சொல்கிறாள். மேலதிகாரி மூக்கால் பாடுவதைப் பாடியே காட்டுகிறாள். சொல்ல ஒன்றும் கிடைக்காதபோது ஜன்னல் வழியாகப் பார்த்து, "இப்ப ஒருத்தர் குடையை விரிக்கறார்மா, மழையே இல்ல, வேலை செய்யுதான்னு பாக்கறார்போல" என்கிறாள். உன் அப்பா தூங்கும் மதிய நேரங்களில் நானே பொத்தானை அழுத்தக் கற்றுக்கொண்டு கேட்டேன். கேட்கக் கேட்க அந்த முகம் தெரியாத அம்மா மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. உன் அறை ஜன்னல் சாத்துகிறதா இல்லையா என்று எனக்குத் தெரியுமா? உன் மேலதிகாரி ஆணா பெண்ணா என்பதே தெரியாது.

இரண்டாம் பக்கத்தில் ஓர் இடம் வரும். யாரோ கதவைத் தட்டுகிறார்கள். "இரும்மா, யாரோ வந்திருக்காங்க, ஆஃப் பண்ணல, அப்படியே இரு" என்று எழுந்து போகிறாள். செருப்புச் சத்தம். அப்புறம் வெறும் அறை. வண்டி போகிற இரைச்சல், எங்கோ ஒரு குழாய். பிறகு திரும்பி வந்து, "இருக்கியாம்மா?" என்கிறாள். முதல் தடவை கேட்டபோது நான் வாய்விட்டு, இருக்கேன் என்று சொல்லிவிட்டேன். யாரோ பெற்ற பெண்ணுக்கு. அந்த இடத்தில் மட்டும் குரல் அலைகிறது, அழுகிற மாதிரி நடுங்குகிறது. உன் அப்பாவிடம் காட்டினேன். அவர் விளக்கு வெளிச்சத்தில் டேப்பை இழுத்துப் பார்த்துவிட்டு, இந்த இடத்துல மட்டும் நிறுத்தி நிறுத்தித் திருப்பிச் சுத்தியிருக்காங்க, அதான் டேப் கசங்கிக் கிடக்கு என்றார். அதைக் கேட்டதும் எனக்கு மனசு கேட்கவில்லை. இருக்கியாம்மா என்பதைக் கேட்கத்தானே அந்த அம்மா திரும்பத் திரும்பச் சுற்றியிருப்பாள்? ஆத்திரத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, இதை அவளிடமே சேர்த்துவிட வேண்டும் என்று கடைக்காரரிடம் போய் நின்றேன். அவர் வண்டிக்காரரைக் கேட்டார். வயசான ஒரு அம்மாவின் வீட்டைக் காலி செய்தபோது பாதி சாமானை மகள் வீட்டில் இறக்கிவிட்டு மீதியைத்தான் கடைக்குக் கொண்டுவந்தாராம். மகள் வீடு மருந்துக் கடையிலிருந்து கூப்பிடு தூரம்தான். நேற்று முன்தினம் நானும் உன் அப்பாவும் போனோம்.

மணியடித்ததும் உள்ளேயிருந்து யாரு வேணும் என்று ஒரு குரல். அதே குரல் பாப்பா! கொஞ்சம் தடித்திருக்கிறது, அவ்வளவுதான். கதவைத் திறந்தவளுக்குத் தலை பாதி நரைத்திருந்தது. கேசட்டைப் பார்த்ததும் ஐயோ இது இன்னும் இருக்கா என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். உள் அறையில் அவளுடைய அம்மா, வயசானவர், நாற்காலியில் உட்கார்ந்து அந்த மகளையே திட்டிக்கொண்டிருந்தார். ஃபேனை ஏன் குறைச்சே, ஏன் கூட்டினே என்று. அவளும் விடாமல் பதிலுக்குப் பதில் பேசிக்கொண்டிருந்தாள். நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். தூரத்தில் இருந்தபோதும் கிடைத்தாள், இப்போது பக்கத்திலும் கிடைத்திருக்கிறாள். ஒருத்திக்கே எல்லாமா? மகள் டீ போட எழுந்து போனதும், அந்த அம்மாவின் கையில் கேசட்டைக் கொடுத்து, அந்த ஒரு இடத்தை இத்தனை தடவை கேட்டிருக்கீங்களே என்றேன். அவர் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கிட்ட வா என்று சைகை காட்டினார். "அவ கதவைத் தொறக்கப் போறா இல்ல, அங்க ஒரு ஆம்பளைக் குரல் கேக்கும். நல்லாக் காது குடுத்தாத்தான் கேக்கும். இன்னும் முடியலையான்னு கேப்பான். யாருடா இவன், என் பொண்ணு வாசல்ல நின்னுக்கிட்டு இவ்வளவு உரிமையாக் கேக்கறான்னு கண்டுபிடிக்கத்தான் சுத்திச் சுத்திக் கேட்டேன். அவளா வந்து சொல்றதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்கறது அவளுக்கு இன்னும் தெரியாது" என்றார். அந்த ஆள்தான் இப்போது அவருடைய மருமகனாம்.

நான் அத்தனை மதியம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டிருக்கிறேன், எனக்கு அந்தக் குரல் கேட்கவில்லை. கேட்காதுதான், அவள் என் மகள் இல்லையே. வெளியே வந்ததும் உன் அப்பா, பாவம் அவங்க வீட்டுல இதை ஓட்ட ஒண்ணுமில்ல, வேட்டைப் பணத்துல ஒரு சின்ன ப்ளேயர் வாங்கிக் குடுத்துடலாம் என்றார். நடுத்தெருவில் நின்று, அப்போ பாப்பாவைக் கேக்காம தொடலாமா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார். நேற்று நானே ஸ்டூல் போட்டு ஏறி அந்த டப்பாவை இறக்கினேன். ப்ளேயர் வாங்கிக் கொடுத்தாயிற்று. வாஷிங் மெஷினுக்கு ஆள் வந்து புது மோட்டார் போட்டுவிட்டுப் போய்விட்டார். கடைக்காரரிடம் அலமாரி மூலையில் உறை பிரிக்காத வெற்று கேசட்டுகள் கிடந்தன. விலை சொன்னார், நான் யோசிக்கப் போகவில்லை, அங்கேயே பணத்தை எண்ணி வைத்துவிட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டேன். உங்கள் சட்டம் எனக்கும் பிடித்துத்தான் இருக்கிறது. இந்த மாதத்திலிருந்து என் சம்பளத்தில் ஒரு பங்கும் அந்த டப்பாவில் விழும், இனிமேல் என்னையும் கேட்காமல் யாரும் தொட வேண்டாம்.

இதனோடு கேசட்டுகளை அனுப்பியிருக்கிறேன். உன்னிடம் நல்ல டெக் இருக்கிறது, அதன் எடை முதற்கொண்டு உன் அப்பா ஒப்பிப்பார். ஒரு ஞாயிறு அவரைப் பட்டினி போட்டுவிட்டு எனக்குப் பேசு. விசேஷமாக ஒன்றும் சொல்ல வேண்டாம், விசேஷம் என்றால்தான் போன் இருக்கிறதே. உன் மேலதிகாரி எப்படித் தும்முவார், பக்கத்து வீட்டில் என்ன சண்டை, எந்தப் பாத்திரம் அடிப்பிடித்தது, ஜன்னலில் என்ன தெரிகிறது, அதுபோதும். ஊசியைப் பற்றியும் பெல்ட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை வந்தாலும் பாதியில் நிறுத்திவிடுவேன். உன் அப்பாவுக்குப் போட்டுக் காட்ட மாட்டேன், கெஞ்சட்டும்.

நீ நினைத்ததெல்லாம் நடக்கட்டும், வெளியில் காலெடுத்து வைக்கிற இடமெல்லாம் நல்ல மனிதர்களாக அமையட்டும், நேரத்துக்குத் தூக்கம் வரட்டும். குளிருக்குக் காதை மூடிக்கொள், தலைக்குக் குளித்த அன்று ஈரத்தோடு வெளியே போகாதே. மறக்காமல் இரண்டு பக்கமும் பேசு. பேசிக்கொண்டிருக்கும்போது யாராவது வந்து கதவைத் தட்டினால் டெக்கை நிறுத்தாமல், அப்படியே ஓடவிட்டுப் போய்த் திற. மீதியை நான் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் பொறாமைக்கார அம்மா