மாப்பிள்ளை வேலை பார்க்கும் மலை

கிள்ளான்,
8.6.2025

அன்புள்ள தம்பி லோகனுக்கு,

இங்கே நானும் மகள் ரமணியும் சுகம். ஃபோனில் பேசினால் உன் வருங்கால மனைவி நடுவில் புகுந்து பேச்சை மாற்றிவிடுகிறாள், அதனால்தான் கடிதம். இத்தாலியில் நீ ஆராய்ச்சி செய்கிற எத்னா எரிமலை வெடித்து, சுற்றுலா வந்தவர்கள் ஓடியதை டிவியில் பார்த்தேன். கல்யாணம் முடிந்து என் மகளை அங்கேதான் கூட்டிப்போவாயா? மலை எவ்வளவு பெரிசு? மறைக்காமல் எழுது.

ஆன்டி இராஜம்மா

கத்தானியா,
27.6.2025

அன்புள்ள ஆன்டிக்கு,

எத்னா நம் மலேசியாவின் கினபாலு மலையைவிட உயரம் குறைவுதான். ஹவாயில் இருக்கும் மௌனா லோவாவைக் கடலடியிலிருந்து அளந்தால் எவரெஸ்டையே மிஞ்சும். ஆனால் அது 1984-க்குப் பிறகு 2022-இல்தான் விழித்தது. எத்னாவுக்கு அவ்வளவு தூக்கம் வராது, அடிக்கடி கக்கும். பெரும்பாலும் நெருப்புக் குழம்பு மெதுவாகத்தான் இறங்கும். இங்குள்ளவர்கள் வாசலில் விழுந்த சாம்பலைக் கூட்டித் தள்ளிவிட்டுக் காப்பி குடிக்கப் போகிறார்கள். உச்சிக்கும் என் வீட்டுக்கும் நடுவே, கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் போகிற தூரம், முப்பது கிலோமீட்டர் இருக்கும்.

அன்புடன்,
லோகன்

கிள்ளான்,
20.7.2025

தம்பி லோகன்,

உன் கடிதத்தைப் பக்கத்து வீட்டு மாரியாயிக்கும் படித்துக் காட்டினேன். பயம் தெளிந்தது. மனசுதான் ஒப்பவில்லை. ரமணியிடம் சொல்லாதே, மலை ஒரு சாக்கு. அவள் அப்பா போனபின் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவ்வளவு தூரம் போய்விட்டால் தீபாவளிக்கு யாருக்கு முறுக்குச் சுடுவேன்? அவளைத் தடுக்கவும் மாட்டேன், அழாமல் அனுப்பவும் தெரியாது.

இராஜம்மா

கத்தானியா,
14.9.2025

அன்புள்ள ஆன்டிக்கு,

ரமணியிடம் மூச்சு விடவில்லை. இந்தோனேசியாவில் ஜோக்ஜா நகரத்தில் ஒரு வேலைக்கு மனுப் போட்டேன், கிடைத்துவிட்டது. கேஎல்லிலிருந்து விமானம் ஏறினால் மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிடலாம்.

மறைக்காமல் எழுதச் சொன்னீர்கள். அங்கே இருப்பது மெராப்பி எரிமலை. எத்னாவைவிடச் சின்னது, ஆபத்து அதிகம். சாம்பலும் வாயுவும் கலந்த அதன் சுடுமேகம் பாய்ந்து இறங்கினால் ஓட நேரம் இருக்காது. ஊர் தள்ளித்தான் இருக்கிறது, இரவு பகலாகக் கண்காணிப்பும் உண்டு. ரமணிக்குச் சம்மதம். நீங்கள் சரி என்றால்தான் நான் ஒப்புக்கொள்வேன்.

லோகன்

கிள்ளான்,
1.10.2025

அன்பு மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. 'ஆபத்து அதிகம்' என்ற வரியை மட்டும் மாரியாயிக்குப் படித்துக் காட்டவில்லை. சின்ன மலைதானே லா, ஒப்புக்கொள். தை மாதம் இங்கே கல்யாணத்தை வைத்துக்கொள்வோம். அங்கே வீடு பார்க்கும்போது எனக்கும் ஓர் அறை இருக்கட்டும்.

மெராப்பி உறுமினால் ரமணியைக் கூட்டிக்கொண்டு உடனே கிள்ளானுக்கு வந்துவிடு. உறுமாவிட்டாலும் வா.

உன் அத்தை,
இராஜம்மா