சரியாக வந்தபிறகு பேசுகிறேன் என்றவருக்கு

இன்று பெருங்காய டப்பாவைத் துடைத்தபோது நீங்கள் ஒட்டிய சீட்டின் ஓரம் பெயர்ந்து கையோடு வந்துவிட்டது. 'கொனொசேர்' என்ற ஸ்பானிஷ் சொல், உங்கள் கையெழுத்தில். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து உங்களுக்கு எழுதுகிறேன்.

நம் பெண் வலென்சியாவில் ஒரு ஸ்பானியரைக் கட்டிக்கொண்டாள். பேத்திக்கு அந்த ஊர்ப் பேச்சு மட்டும்தான் வரும். அவளோடு பேசவென்று இங்கே கரமனையில் இரண்டு கிழங்கள் காலைக் காப்பிக்குப் பிறகு செல்போனில் ஸ்பானிஷ் படித்ததை எதிர்வீட்டு மாமி இன்றும் நம்புவதில்லை.

நம் சண்டையெல்லாம் வினைச்சொற்களில்தான். தமிழில் 'தெரியும்' என்று ஒன்று போதும். அங்கே இரண்டு. "ஆறு எங்க ஓடறதுன்னு தெரிஞ்சா சபேர். அதுல முங்கிக் குளிச்சுப் பழகினா கொனொசேர், கேட்டியா" என்பீர்கள். "தண்ணி கேட்டா பெதீர், வழி கேட்டா ப்ரெகுந்தார்" என்று அடுத்த ஜோடி. "ரெண்டுக்கும் வாயைத்தானே தொறக்கணும்?" என்பேன். உங்களுக்கு மூக்குமேல் கோபம் வரும். நான் குழப்பிக்கொள்ளக் கூடாதென்று சமையலறை டப்பாக்களில் ஜோடி ஜோடியாகச் சீட்டு ஒட்டினீர்கள். உப்பின் அளவு சொன்னாலே தெரிந்துவிடும், அதற்கு சபேர். பெருங்காயம் கையில் பழகினால்தான் அளவு பிடிபடும் என்பதால் அதற்குக் கொனொசேர்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை பேத்தியின் அழைப்பு வந்ததும் துணி எடுக்க மாடிக்குப் போய்விடுவீர்கள். "இன்னும் சரியா வரல்லை. வந்தப்பறம் பேசறேன்." பெண் நடுவில் நின்று மொழிபெயர்க்கிறேன் என்றாள், அதுவும் ஆகாது என்றீர்கள். நாலு வரைவு போட்டுத் திருத்தாமல் ஆபீஸிலிருந்து ஒரு காகிதம் வெளியே விடாதவர் நீங்கள். பேத்தியிடமும் சுத்தப் பிரதியோடுதான் போவேன் என்று நின்றீர்கள்.

"கொழந்தைதானே, தப்பாத்தான் பேசுங்கோளேன்."

"மொதல் பேச்சே தப்பா இருக்கப்படாது."

ஆடி மாதக் கர்க்கடக மழையில் ஒரு நாள் சாப்பிட்டு எழுந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. உங்கள் குரலை அவள் கேட்கவே இல்லை. அதில் எனக்கு உங்கள்மேல் கோபம் இன்னும் ஆறவில்லை. அழுகை வரும்போதெல்லாம் இந்தக் கோபமும் கூடவே வருகிறது.

போன ஞாயிறு பேத்தி திடீரென்று கேட்டாள், தாத்தாவுக்கு என்னைப் பிடிக்காதா, ஏன் என்னோடு பேசவே இல்லை என்று. அந்த ஸ்பானிஷ் எனக்கு ஒரு சொல் விடாமல் புரிந்தது. புரியாமல் இருந்திருக்கலாம். பெண் பதில் சொல்ல வாயெடுத்தாள். நான் வேண்டாம் என்று கைகாட்டினேன்.

எனக்குத் தெரிந்த அரைகுறையில் சொன்னேன். தாத்தா உனக்காகத் தினமும் படித்தார், உன்னிடம் தப்பாகப் பேசிவிடுவோமோ என்று பயந்தார். சொல்லும்போதே ஒரு வினையை மாற்றிப் போட்டுவிட்டேன். அவள் களுக்கென்று சிரித்தாள். சரியானதைச் சொல்லி, என்னையும் திருப்பிச் சொல்ல வைத்தாள்.

"தாத்தாவுக்கும் நான் சொல்லிக் கொடுத்திருப்பேனே" என்றாள்.

இவ்வளவுதான். இதற்குத்தான் நீங்கள் மாடிக்கு ஓடினீர்கள்.

இப்போது அவளோடு தினமும் பேசுகிறேன். உங்கள் பங்குக்கும் சேர்த்துத் தப்பாகவே பேசுகிறேன்.