வாஞ்சூருக்கு அந்தப் பக்கம் என் மகள்

ஜூன் 10, 2020, புதன்

நெரவியில் இரண்டு பம்ப்செட் பழுது பார்த்தேன். ஊரே பூட்டிக் கிடக்க, குறுவை நடவுக்குத் தண்ணீர் வேண்டும் என்று என்னை மட்டும் போலீஸ்காரர் தடுப்பை விலக்கி அனுப்புகிறார். பத்தாவது பெயிலானவனுக்கு ‘அத்தியாவசியப் பணியாளர்’ பட்டம்.

மகள் இளவேனிலைப் பார்த்து மூன்று மாதமாகிறது. கோர்ட் உத்தரவுப்படி மாதம் இரண்டு சனிக்கிழமை கோர்ட் வளாகத்தில் அவளோடு இரண்டு மணி நேரம் இருப்பேன். இப்போது கோர்ட்டுக்கே பூட்டு. அவளும் அவள் அம்மா சிவப்ரியாவும் நாகூரில். பத்து கிலோமீட்டர்தான். நடுவில் மாநில எல்லை, வாஞ்சூர் செக்போஸ்ட். நான் புதுச்சேரி மாநிலமாம், என் பிள்ளை தமிழ்நாடாம்! வக்கீல் ஜோவிதா மேடம் மனு போட்டிருக்கிறார். நாளை மறுநாள் செல்போனிலேயே விசாரணை.

ஜூன் 12, வெள்ளி

போனை அரிசி டப்பாவில் சாய்த்தேன். மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே கைலி. யார் பார்க்கப் போகிறார்கள்?

“சிவநாதன்” என்று கூப்பிட்டதும் கைகட்டி எழுந்து நின்றுவிட்டேன். கோர்ட்டில் பழகிய கால் சும்மா இருக்குமா?

“உட்காருங்க சிவநாதன். கைலி மட்டும்தான் தெரியுது” என்றார் நீதிபதி அம்மா.

சனிக்கிழமைதோறும் மாலை நாலு மணிக்கு, அரை மணி நேரம் வீடியோவில் பார்க்கலாம். ஆனால் குழந்தை என்னிடம் ஒட்டவில்லை என்றார் சிவப்ரியாவின் வக்கீல். அடுத்த விசாரணையில் அவளையே கேட்பார்களாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் இதுவும் நின்றுவிடும்.

ஜோவிதா மேடம் போனில், “உத்தரவு வாங்கியாச்சுண்ணே, மானம்தான் போச்சு.”

என் பிள்ளை என்னிடம் ஒட்டமாட்டாளா? பார்த்துக்கொள்கிறேன்.

ஜூன் 13, சனி

பவுடர் பூசி உட்கார்ந்தேன். அவள் காட்டியது சீலிங் ஃபேனை. அரை மணி நேரமும் ஃபேன்தான்.

“சாப்டியா தங்கம்?”

“ம்.”

ஃபேனுக்கு பேரிங் போயிருக்கிறது. சத்தத்திலேயே தெரிகிறது.

ஜூன் 20, சனி

ஃபேன்.

ஜூன் 27, சனி

மறுபடி ஃபேன். சாப்டியா, படிச்சியா, தூங்குனியா — நான் கேட்டதெல்லாம் கேள்விதான். கேள்வி கேட்பது வக்கீல் வேலையல்லவா? ஏழு வயசுப் பிள்ளையைக் கூண்டில் ஏற்றி வைத்திருக்கிறேனோ?

ஜூலை 4, சனி

பட்டறையில் மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தேன். நாலு மணி ஆனதே தெரியவில்லை. போன் அடித்தது. கையெல்லாம் கிரீஸ், மூக்காலேயே தேய்த்து எடுத்தேன்.

ஃபேன் இல்லை. முகம்!

“ஐய்ய, மூஞ்செல்லாம் கறுப்பு! அது என்னப்பா, முடி மாதிரி?”

“காப்பர் கம்பிடா. இதைச் சுத்துனாத்தான் மோட்டாரு சுத்தும்.”

“எத்தனை சுத்து? எண்ணு.”

எண்ணினோம். முன்பல்லு ரெண்டு இல்ல அவளுக்கு. எப்ப விழுந்துச்சு? எனக்கு யாருமே சொல்லலியே...

ஜூலை 18, சனி

சுற்றி முடிப்பதற்குள் நாலரை. பாதியிலேயே போனை வைக்க வேண்டியதாயிற்று.

ஜூலை 23, வியாழன்

விசாரணை. இன்று பேண்ட்.

நீதிபதி அவளிடம் தனியாகப் பேசினார். என்னையும் சிவப்ரியாவையும் இணைப்பிலிருந்து வெளியே நிறுத்திவிட்டார்கள். கறுப்புத் திரையில் என் மூஞ்சியையே பார்த்துக்கொண்டு பதினோரு நிமிடம். வேண்டாம்னுட்டா என்ன பண்ணுவேன்?

உள்ளே விட்டபோது நீதிபதி அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

“மோட்டாரைப் பாதியில விட்டுட்டீங்களாமே? மீதியைப் பார்க்கணுமாம் பாப்பாவுக்கு.”

வீடியோ தொடரும். போக்குவரத்து திறந்ததும் சனிக்கிழமை பகல் முழுக்க அவள் என் வீட்டிலேயே இருக்கலாம். சிவப்ரியா மறுக்கவில்லை.

நவம்பர் 12, வியாழன்

செக்போஸ்ட்டில் இனி பாஸ் கேட்கமாட்டார்களாம். பட்டறையைப் பெருக்கினேன்.

நவம்பர் 21, சனி

காலையில் சிவப்ரியாவே வாஞ்சூர் வரை ஸ்கூட்டியில் கொண்டுவந்து விட்டாள். மாலையில் அங்கேயே திரும்ப ஒப்படைத்தேன். புதுக் கவுனில் முன்னும் பின்னும் கிரீஸ். நீதிபதி முன்னால்கூட நான் இவ்வளவு பயந்ததில்லை.

“பாத்துக்கங்கன்னா, இப்படியா பாத்துக்குவீங்க?”

கர்ச்சீப்பால் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை.

“சரி, விடுங்க. அடுத்த வாரம் பழைய கவுனா போட்டு அனுப்புறேன்.”